வழியும் சுமையும்: இன்கா மலைப்பாதையின் வரலாறு

சென்ற ஆண்டு நம் அலுவலக நண்பர் ஒருவரின் மகன் தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டிற்குச் சென்று, நான்கு நாள் மலைநடையாக மச்சு பிச்சு என்னும் பழம்பதியைக் கண்டு மீண்டான். அவன் எடுத்து வந்த படங்களைக் காண ஒரு ஞாயிறு மாலை நாம் சிலர் அவர்தம் இல்லத்தில் கூடியிருந்தோம். முகில் தவழும் முகடுகளும், கற்படிகளும், விடியற்பொழுதில் ஒளிபெறும் கோட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லோரும் வியந்து பார்த்துக்கொண்டிருக்க, நண்பரின் மனைவியார் மட்டும் இடையில் ஒரு வினாத் தொடுத்தார்.

"இத்தனை பேருக்குக் கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் யாருப்பா தூக்கிட்டு வந்தாங்க?"

"அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்கம்மா. எங்களுக்கு முன்னாடியே ஓடிப்போய்க் கூடாரம் போட்டுச் சமைச்சு வெச்சிடுவாங்க."

"அவங்க பேரென்ன?"

இளைஞன் சற்றே திகைத்தான். "கேட்டுக்கலைம்மா" என்றான். படங்கள் இருநூறுக்கும் மேல் இருந்தன. சுமந்தவர் முகம் அவற்றுள் ஒன்றில் மட்டும், அதுவும் ஓரத்தில், பாதியாகத் தெரிந்தது.

அவ்வம்மையார் கேட்ட வினா எளிய வினாவன்று. வரலாறு படிப்போர் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய வினா அது. நாம் அம்மலையை நேரிற் கண்டதில்லை. நூல்களின் வழியே அவ்வழியில் நடந்தவர்களே. எனினும் அன்று தொட்டு அவ்வினாவைக் கையில் விளக்காகக் கொண்டு படித்தவற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாற்றிசை நாடு

தென்னமெரிக்காவின் மேலைக் கரையை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டீஸ் மலைத்தொடர். அதன் நடுவே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்தது கூஸ்கோ நகரம். அந்நகரைத் தலைநகராகக் கொண்டு பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்ததே இன்கா பேரரசு. அம்மக்கள் தம் நாட்டைத் தவான்தின்சுயு என்று அழைத்தனர். அவர்தம் கெச்சுவா மொழியில் அச்சொல்லுக்கு 'நான்கு பகுதிகளும் ஒருங்கு சேர்ந்தது' என்பது பொருள். நான்கு பகுதிகளும் கூஸ்கோவில் வந்து கூடின; நான்கு பெருவழிகளும் அங்கிருந்தே புறப்பட்டன.

மரபு வழி வரலாற்றின்படி 1438-ஆம் ஆண்டளவில் அரியணை ஏறிய பச்சக்கூத்தி என்னும் மன்னனே ஒரு சிற்றரசைப் பேரரசாக்கியவன். அவனும் அவன் வழிவந்தோரும் நூறாண்டு நிறைவதற்குள் இன்றைய கொலம்பியாவின் தென்பகுதி முதல் சிலி நாட்டின் நடுப்பகுதி வரை தம் ஆணையைப் பரப்பினர். இவ்வளவும் செய்தவர்களிடம் இரும்புக் கருவி இல்லை. சக்கரம் பூட்டிய வண்டி இல்லை. குதிரையோ எருதோ இல்லை. அவர்களிடம் இருந்த பொதிவிலங்கு லாமா ஒன்றே. அதுவும் சற்றேறக்குறைய முப்பது கிலோ எடைக்கு மேல் சுமக்க மறுத்துப் படுத்துவிடும். ஆகவே பேரரசின் பெரும்பாரம் மனிதர் முதுகின் மீதே ஏறியது.

அம்முதுகுகள் நடந்த வழிகளே இன்று உலகம் வியக்கும் இன்காப் பெருவழிகள். பாலைநிலத்தையும் பனிமுகட்டையும் காட்டையும் ஊடறுத்துச் செல்லும் அவ்வழிகளின் நீளம் 30,000 கிலோமீட்டருக்கும் மேல். காப்பாக் ஞான் எனப்படும் அவ்வழித்தொகுதியை அர்ஜென்டினா, பொலிவியா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், பெரு ஆகிய ஆறு நாடுகளும் ஒன்றிணைந்து முன்மொழிய, 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இக்காலத்தில் சுற்றுலாப் பயணிகள் 'இன்காப் பாதை' என்று நடந்து செல்வது, இக்கடலில் ஒரு துளியாகிய சுமார் 43 கிலோமீட்டர் மட்டுமே.

ஓடியவரும் முடிச்சிட்டவரும்

வழி என்பது கல் பரப்பியதனால் மட்டும் வழியாகிவிடாது. அதில் செல்வோரால்தான் அது வழியாகிறது. இன்கா வழிகளில் ஓடியவர்கள் சாஸ்கி எனப்பட்ட அஞ்சலோட்டக்காரர்கள். குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு குடிலில் காத்திருப்பர். முன்னவன் ஓடி வந்து செய்தியைச் செவியிலும் பொருளைக் கையிலும் ஒப்படைக்க, அடுத்தவன் ஓடத் தொடங்குவான். இவ்வாறு ஒரு நாளில் 240 கிலோமீட்டர் வரையிலும் செய்தி சென்றதாகக் கணக்கிடுவர். வழியெங்கும் தம்பு எனப்பட்ட சத்திரங்களும், சோளமும் உலர்கிழங்கும் துணியும் நிரம்பிய களஞ்சியங்களும் இருந்தன. ஸ்பானியப் படையோடு வந்து, நாடு முழுதும் சுற்றிக் கண்டவற்றை எழுதிவைத்த சியெசா தெ லியோன், இவ்வழிகளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். வென்றவர் தோற்றவரின் வேலைத்திறனைப் புகழ்வது அரிது, அவர் புகழ்ந்தார்.

ஆழ்ந்த பள்ளத்தாக்குகளைக் கடக்கப் புல்லைத் திரித்துக் கயிறாக்கிக் கட்டிய தொங்குபாலங்கள் பயன்பட்டன. அபுரிமாக் ஆற்றின்மீது கெஸ்வாச்சாக்கா என்னுமிடத்தில் அத்தகைய பாலம் ஒன்று இன்றும் உண்டு. சுற்றியுள்ள ஊர்மக்கள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கூடிப் பழைய பாலத்தை அவிழ்த்துவிட்டுப் புதிய பாலத்தைக் கட்டுகின்றனர். கல்லைவிடப் புல் நெடுநாள் நிற்பது, அதனை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் கைகள் இருப்பதனாலேயே.

இவற்றையெல்லாம் கட்டியது எது? மீத்தா என்னும் முறை. இன்கா ஆட்சியில் நாணயம் இல்லை; வரி என்பது உழைப்பே. ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்து ஆண்டின் ஒரு பகுதியை வழியமைக்கவோ, வயலுழவோ, படைக்கோ கொடுத்தாகவேண்டும். அதற்கு ஈடாக ஆட்சியாளர் உணவும் பருகும் சோளக்கள்ளும் விழாவும் அளிப்பர். பஞ்சக் காலத்தில் களஞ்சியத்தைத் திறப்பர். இதனைப் பொற்காலம் என்று பாடுவோரும் உளர். கொடுங்கோல் என்று சாடுவோரும் உளர். உணவு கொடுத்தார்கள் என்பது உண்மை. மறுக்கும் உரிமை கொடுக்கவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து நோக்குவதே நேர்மை.

இத்தனை குடும்பம், இத்தனை நாள், இத்தனை மூட்டை என்று கணக்கு வைத்தவர் யார்? இங்கேதான் நம் போன்ற எழுத்தர்களுக்கு ஓர் உறவுமுறை கிடைக்கிறது. கிப்புக்காமாயு எனப்பட்ட கணக்கர்கள், ஒரு முதன்மைக் கயிற்றில் பல கிளைக்கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் முடிச்சுகள் இட்டுக் கணக்கெழுதினர். கிப்பு என்பது அக்கயிற்றுக் கோப்பு. முடிச்சின் வகையும் இருக்கும் இடமும் ஒன்று, பத்து, நூறு என்னும் தானத்தைக் காட்டும். முடிச்சே இல்லாத இடம் இன்மையைக் காட்டும். இந்தப் பதின்முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லீலண்ட் லாக் என்னும் அமெரிக்கர் தெளிவுறுத்தினார். ஆனால் கயிற்றின் நிறமும், முறுக்கும், எண்ணல்லாத முடிச்சுகளும் பெயரையும் செய்தியையும் கூறினவா என்பது இன்றளவும் முற்றும் விளங்கவில்லை.

அதற்குக் காரணம் காலம் மட்டுமன்று. 1583-ஆம் ஆண்டு லீமா நகரில் கூடிய திருச்சபைப் பேரவை, கிப்புகளைச் சிலைவழிபாட்டின் கருவிகள் எனக் கருதி அழிக்கப் பணித்தது. எஞ்சி இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை ஆயிரத்துக்குச் சற்றே மேற்பட்டவை. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, பெருவின் சாந்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஆறு கிப்புகளைப் பழைய ஸ்பானியக் குடிக்கணக்கு ஒன்றோடு பொருத்திக் காட்டியது. அதனைச் செய்தவர் கேரி உர்ட்டன் என்னும் பேராசிரியரும், அப்போது மாணவராக இருந்த மேனி மெட்ரானோவும் ஆவர். கயிறுகளின் கட்டுமுறை வரி செலுத்தியோரின் குலப்பிரிவைக் காட்டக்கூடும் என்பது அவர்கள் முடிவு. நாள்முழுதும் கோப்பில் எழுதுகின்ற நமக்கு இது நெஞ்சைத் தொடும் செய்தி. சுமந்தவர் பெயர் எழுதப்படாமல் போகவில்லை. எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர்தாம் இல்லாமற் போயினர்.

நான்கு நாள் நடை

இனி அவ்வழியில் நடப்போம். கூஸ்கோவிலிருந்து செல்லும் இருப்புப்பாதையில் 82-ஆம் கிலோமீட்டர்க்கல் அருகே, உருபம்பா ஆற்றின் பாலத்தைக் கடந்தால் நடை தொடங்குகிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இன்றி எவரும் உள்ளே செல்ல இயலாது. ஒரு நாளைக்கு ஐந்நூறு பேருக்கு மட்டுமே இசைவு. அந்த ஐந்நூறில் பெரும்பகுதியினர் சுமப்போரும் சமைப்போரும் வழிகாட்டுவோருமே. ஒவ்வோர் ஆண்டும் மழை மிகுந்த பிப்ரவரி மாதத்தில் வழியைச் செப்பனிடுவதற்காக மூடிவிடுகின்றனர்.

முதல் நாள் நடை எளியது. ஆற்றங்கரையின் மேலே படிப்படியாக அமைந்த பத்தாயக்தா என்னும் பழங்குடியிருப்பைக் கண்டு, வாயியபம்பா என்னும் சிற்றூரை அடைவர். இரண்டாம் நாள்தான் உடலையும் உள்ளத்தையும் சோதிக்கும் நாள். சற்றேறக்குறைய 3,000 மீட்டரிலிருந்து 4,215 மீட்டர் உயரமுள்ள கணவாய்க்கு ஏறவேண்டும். அதன் பெயர் வார்மி வாஞுஸ்கா. 'இறந்த பெண்' என்பது பொருள். மல்லாந்து கிடக்கும் பெண்ணின் உருவை மலைமுகடு ஒத்திருப்பதால் அப்பெயர் என்பர். அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருக்கும், பத்தடி வைத்தால் நெஞ்சு படபடக்கும், தலை நோகும். மலைவாழ் மக்கள் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கி மென்றவாறு அதே வழியில் மூட்டையோடு விரைந்தேறுவர்.

மூன்றாம் நாள் வரலாற்றின் நாள். வட்டவடிவான ருங்குராக்காய், பாறை முனையில் தனித்து நிற்கும் சாயாக்மார்க்கா, 'முகில்களுக்கு மேலுள்ள ஊர்' என்னும் பொருள்படும் புயுபத்தாமார்க்கா ஆகிய இடிபாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிலவிடங்களில் பாறையைக் குடைந்தே வழி சென்றிருக்கிறது. காலடியில் கிடக்கும் கற்களில் பெரும்பாலானவை அக்காலத்தவர் பதித்தவையே. அந்திப்பொழுதில் விஞாய் வைனா என்னும் படிவயற்கோட்டத்தை அடைவர். 'என்றும் இளமை' என்பது அப்பெயரின் பொருள். அங்கே மலரும் ஒருவகை ஆர்க்கிட் பூவின் பெயர் இடத்திற்கும் வந்தது. 1940-41-ஆம் ஆண்டுகளில் பால் ஃபேயோஸ் என்பவர் தலைமையில் சென்ற குழு இப்பகுதியை விரிவாக ஆராய்ந்தது.

நான்காம் நாள் இருள் பிரியுமுன் எழுந்து, இந்திப்புங்கு என்னும் கதிரவன் வாயிலை அடைவர். அங்கு நின்று கீழே நோக்கினால், கூர்முகடு ஒன்றின் அடியில், பசும்படிகளுக்கு நடுவே வெண்கல் வீடுகள் விரிந்து கிடக்கும். அதுவே மச்சு பிச்சு.

முகட்டின் மேல் ஒரு மாளிகை

மச்சு பிச்சுவின் உயரம் 2,430 மீட்டர். நடந்து வந்தோர் ஏறியன்று, இறங்கியே அதனை அடைகின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. மூன்று புறமும் உருபம்பா ஆறு வளைந்தோட, இரு முகடுகளுக்கு நடுவேயுள்ள குறுகிய தோள்பகுதியில் அவ்வூர் அமைந்துள்ளது. அது கோட்டையா, கோயிலா, கன்னிமாடமா என்று நெடுங்காலம் வழக்காடினர். 1568-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆவணம் ஒன்றை ஆராய்ந்த ஜான் ரோ என்னும் அறிஞர், அது பச்சக்கூத்தி மன்னனின் குடும்பச் சொத்தாகிய ஓய்வுப்பதி என்று காட்டினார். இன்று அறிஞர் பலரும் அதனை ஏற்கின்றனர். மன்னனும் சுற்றத்தாரும் ஆண்டில் சில காலம் வந்து தங்க, ஏனைய நாட்களில் பணியாளர் அதனைப் பேணி வந்தனர்.

அங்குக் கிடைத்த எலும்புகளைக் கதிரியக்கக் கரிமுறையில் ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, 1420-ஆம் ஆண்டளவிலேயே அங்கு மக்கள் வாழத் தொடங்கிவிட்டனர் என்கிறது. பச்சக்கூத்தி ஆட்சிக்கு வந்த ஆண்டாகச் சொல்லப்பட்ட 1438 பிந்தியது என்பது இதனாற் புலப்படுகிறது. ஏட்டுக்கணக்கை எலும்புக்கணக்கு திருத்திய வகை இது.

கட்டடத்தின் அழகைக் கண்டவர் பலர். அதன் அடியில் உள்ளதைக் கண்டவர் சிலர். நீர்ப்பொறியாளராகிய கென்னத் ரைட்டும், பெரு நாட்டுத் தொல்லியலாளர் அல்ஃப்ரெடோ வலென்சியாவும் பல்லாண்டுகள் அளந்து ஆராய்ந்தனர். ஆண்டுக்குச் சுமார் 1,950 மில்லிமீட்டர் மழை பொழியும் செங்குத்தான சரிவு அது. வடிகால் இல்லையேல் ஊரே சரிந்து ஆற்றில் விழுந்திருக்கும். ஆகவே படிவயல்களின் அடியில் பெருங்கல், அதன்மேல் சிறுகல், அதன்மேல் மணல், அதன்மேல் வளமண் என அடுக்கியிருக்கின்றனர். ஊற்றுநீரை ஏறத்தாழ 750 மீட்டர் நீளமுள்ள கற்கால்வாய் வழியே கொணர்ந்து, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினாறு நீர்த்துறைகளில் வீழச் செய்திருக்கின்றனர். கட்டுமான உழைப்பில் பத்தில் ஆறு பங்கு நிலத்திற்கு அடியில் மறைந்துள்ளது என்பது ரைட்டின் கணிப்பு. மச்சு பிச்சு ஐந்நூறாண்டு நிற்பதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத அந்த அறுபது விழுக்காடே. உழைத்தவர் மறைந்ததுபோல் அவர் உழைப்பும் மறைந்தே நின்று ஊரைத் தாங்குகிறது.

'கண்டுபிடித்தவர்' யார்?

1532-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஹமார்க்கா நகரில் பிரான்சிஸ்கோ பிசாரோ என்னும் ஸ்பானியத் தலைவன் இன்கா மன்னன் அதவால்பாவைச் சிறைப்பிடித்தான். அதற்கு முன்னரே அம்மை நோயும் உடன்பிறந்தார் போரும் பேரரசை நலிவித்திருந்தன. 1533-இல் மன்னன் கொல்லப்பட்டான், கூஸ்கோவும் வீழ்ந்தது. 1572-இல் கடைசி இன்காவாகிய துபாக் அமாரு கூஸ்கோ நகரில் தலைகொய்யப்பட்டான். மன்னனும் சுற்றமும் இல்லாத மச்சு பிச்சுவை மரமும் கொடியும் மூடின. எனினும், அவ்விடத்தை ஊரார் மறந்தனர் என்பது பொருந்தாது.

1911-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள், தூறல் விழுந்த ஒரு காலையில், அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைரம் பிங்காம் அங்கு ஏறினார். வழிகாட்டியவர் மெல்கோர் ஆர்தேயாகா என்னும் உழவர்; அதற்கு அவர் பெற்ற கூலி ஒரு சோல் நாணயம். மேலே சென்றபோது அங்கே இரண்டு உழவர் குடும்பங்கள் இன்காப் படிவயல்களிலேயே பயிரிட்டு வாழ்ந்திருந்தன. அக்குடும்பத்துச் சிறுவன் ஒருவன் பிங்காமை இடிபாடுகளுக்குள் அழைத்துச் சென்றான். அது மட்டுமன்று, கோயிற்சுவர் ஒன்றில் அகுஸ்தின் லிசாராகா என்னும் பெயரும் 1902 என்னும் ஆண்டும் கரியால் எழுதப்பட்டிருந்ததைப் பிங்காமே தம் குறிப்பேட்டில் பதிந்துள்ளார். லிசாராகா அப்பகுதியைச் சேர்ந்தவர். அவர் 1912-இல் ஆற்றில் மூழ்கி மறைந்தார். சுவரிலிருந்த எழுத்து பின்னர் துடைக்கப்பட்டது.

பிங்காமின் உழைப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. படமெடுத்து, அளந்து, எழுதி, உலகறியச் செய்தவர் அவரே. இன்று பயணிகள் நடக்கும் வழியின் பெரும்பகுதியையும் 1915-ஆம் ஆண்டுப் பயணத்தில் ஆராய்ந்தவர் அவரே. ஆனால் உலகறியச் செய்தல் வேறு, கண்டுபிடித்தல் வேறு. சிறுவன் ஒருவன் விளையாடித் திரிந்த இடத்தை எங்ஙனம் 'காணாமற்போன நகரம்' என்பது?

ஊரின் பெயரும் அவ்வாறே. மச்சு பிச்சு என்றால் 'பழைய முகடு'. 2021-ஆம் ஆண்டில் தொனாதோ அமாதோ, பிரையன் பாவர் என்னும் இருவர் பழைய ஆவணங்களையும் பிங்காமின் குறிப்புகளையும் ஒப்புநோக்கி, இன்காக்கள் அவ்வூரை வைனா பிச்சு என்றோ வெறும் பிச்சு என்றோ அழைத்திருக்கக்கூடும் என்று எழுதினர். கரியெழுத்துத் துடைக்கப்பட்டது போலவே ஊர்ப்பெயரும் மாறிப்போயிற்று.

பிங்காமின் குழுவினர் அகழ்ந்தெடுத்த எலும்புகளும் மட்கலங்களும் பிறபொருள்களும் ஏல் பல்கலைக்கழகம் சென்றன. அவற்றைத் திருப்பித் தருமாறு பெரு நாடு பல்லாண்டு வழக்காடியது. 2010-இல் உடன்பாடு ஏற்பட, 2011, 2012-ஆம் ஆண்டுகளில் அவை கூஸ்கோவிற்குத் திரும்பின. ஏறத்தாழ நூறாண்டு அயலகவாசம்!

குழிகளில் உறங்கியோர்

அவ்வெலும்புகள் எவருடையவை? 1916-இல் ஜார்ஜ் ஈட்டன் என்பவர் அவற்றுள் பெரும்பாலானவை பெண்களுடையவை என்றார். உடனே 'கதிரவனுக்கு நேர்ந்துவிட்ட கன்னியர் வாழ்ந்த மாடம்' என்றொரு கதை எழுந்து உலகெங்கும் பரவியது. பின்னாளில் ஜான் வெரானோ அவற்றை மறுபடி ஆராய்ந்து, ஆணும் பெண்ணும் குழந்தையும் கலந்தே இருந்தனர் என்று நிறுவினார். அவர்கள் மன்னர் குடியினர் அல்லர்; மாளிகையைப் பேணிய பணிமக்கள். யானக்குனா என்பது அவர்களைக் குறிக்கும் சொல். பிறந்த ஊரிலிருந்து பெயர்த்து வரப்பெற்று, வாழ்நாள் முழுதும் மன்னர் குடும்பத்திற்கு ஊழியம் செய்தவர்கள்.

2023-ஆம் ஆண்டில் லூசி சலசாரும் பிறரும் அவ்வெலும்புகளில் 34 பேரின் மரபணுவை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகளை ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். அந்த 34 பேரும் ஓரினத்தார் அல்லர். கடற்கரையினர், மேட்டுநிலத்தினர், தொலைவிலுள்ள அமேசான் காட்டு மக்களின் வழியினர் எனப் பேரரசின் பல மூலைகளிலிருந்தும் வந்து கூடியவர்கள். அவர்களுள் நெருங்கிய குருதியுறவு உடையோர் இருவரே. ஒரு தாயும் அவள் மகளும். மற்றவரெல்லாம் உறவினர் இன்றியே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உறங்குகின்றனர். அவர்கள் மொழியும் ஒன்றாய் இருந்திருக்க இயலாது. ஆயினும் அவ்வூரில் வாழ்ந்தனர், மணந்தனர், ஒரே இடுகாட்டில் அடங்கினர்.

இன்னொன்றும் உண்டு. அப்புதைகுழிகளிற் கிடைத்த மட்கலங்கள் யாவும் கூஸ்கோ பாணியில் அமைந்தவை அல்ல. வடகரை நாட்டுப் பாணியிலும் தித்திகாக்கா ஏரிப்பகுதிப் பாணியிலும் அமைந்தவை சில. தாய்மண்ணை விட்டு அழைத்து வரப்பட்டவர்களோடு அம்மண்ணின் கலமும் சேர்ந்தே அடங்கியது.

பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. மாற்றலாணை கையில் வந்தபோது, தட்டுமுட்டுகளை விற்றுவிட்டு, அம்மா கொடுத்த இட்லிப்பானையை மட்டும் துணியிற் பொதிந்து தொடர்வண்டியில் ஏற்றியவர்கள் நம்முள் எத்தனை பேர்! நாம் விரும்பி வந்தோம். அவர்கள் ஆணையால் வந்தார்கள். இவ்வேறுபாடு பெரிது, அதனை மறத்தல் தகாது. எனினும் அந்தக் கலத்தைக் கையில் எடுத்த மனம் எப்படிப்பட்டது என்பதை நாம் உணரமுடியும். அண்டைவீட்டார் மொழி வேறாயினும் நோய்நொடியில் கைகொடுத்தவர் அவரே என்பதையும் நாம் அறிவோம்.

இன்றும் சுமப்பவர்

நண்பர் மனைவியாரின் வினாவிற்கு மீள்வோம். இன்று அவ்வழியிற் சுமப்பவர்கள் சுற்றியுள்ள மலையூர்களின் கெச்சுவா மொழி பேசும் உழவர்கள். உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிட்டு, எஞ்சிய நாட்களில் கூலிக்குச் சுமக்க வருகின்றனர். முன்னர் இவ்வளவுதான் சுமை என்னும் வரம்பு இல்லை. ஒருவர் முதுகில் நாற்பது கிலோவிற்கு மேலும் ஏற்றிய காலம் உண்டு. 2001-ஆம் ஆண்டில் பெரு நாடு சுமப்போருக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, இருபது கிலோ என்று வரம்பு கட்டியது. நுழைவாயிலில் மூட்டைகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கமும் வந்தது. சட்டம் ஏட்டில் ஏறுவது ஒன்று, மலையில் ஏறுவது மற்றொன்று என்பதை அரசுப்பணியில் உள்ள நாம் அறிவோம். கூலி குறைவு, உறங்க நல்லிடம் இல்லை என்னும் குறைகள் அதன்பின்னும் எழுந்துள்ளன. ஆயினும் தராசு ஒன்று வாயிலில் வந்து நின்றதே, அது சிறிய செயலன்று. அன்று லாமா தானே மறுத்துப் படுத்தது. மனிதனுக்கு மறுக்கும் உரிமை கிடைக்க ஐந்நூறாண்டு ஆயிற்று.

வழியைக் கட்டியவன், வழியில் ஓடியவன், முடிச்சிட்டுக் கணக்கெழுதியவன், மாளிகையைப் பேணி மறைந்தவன், ஒரு சோலுக்கு வழிகாட்டியவன், இன்று கூடாரம் சுமப்பவன் ஆகிய இவர்கள் யாவரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள். மச்சு பிச்சுவின் வரலாறு பச்சக்கூத்தியோடும் பிங்காமோடும் முடிவதாயின், அது அறுபது விழுக்காட்டை விட்டுவிட்ட வரலாறே ஆகும்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் இளைஞர் பலர் இன்று அயல்நாடுகளில் உள்ளனர். அவருள் ஒருவர் நாளை அம்மலையில் நடக்கலாம். அங்ஙனம் நடப்பின், கதிரவன் வாயிலில் நின்று படம் எடுத்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. அதற்கு முன், முதல் நாள் மாலையே தம் சுமையைத் தூக்கி வந்தவரிடம் சென்று பெயரைக் கேட்கட்டும். தம் பெயரையும் சொல்லட்டும். கெச்சுவா மொழியில் பெயருக்குச் 'சுதி' என்பது சொல். 'இமா சுதிய்கி?' என்றால் 'உன் பெயர் என்ன?' என்று பொருள். கற்றுக்கொள்ள அரை நிமிடம் போதும்.

நண்பரின் மகனிடம் இதனைக் கூறினோம். அவன் தன் படங்களை மறுபடி புரட்டி, ஓரத்தில் பாதியாகத் தெரிந்த அம்முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வழிகாட்டிக்கு மடல் எழுதிப் பெயரைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான். மறுமொழிக்காக அவன் தாயாரும் நாமும் காத்திருக்கிறோம்.